நெருப்பு முடுக்கு

அந்த விமானம் எங்கள் மலையில் மோதியதற்கு அப்பா மூட்டிய நெருப்புதான் காரணம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லப்படாமல் நம்பப்படும் விஷயங்களுக்கு உள்ள உறுதி அதற்கும் இருந்தது. தோட்டத்துப் பாதையில் ஜீப் வண்டி ஏறும் சத்தம் கேட்டால், அடுப்புக்கு விறகு ஒடித்துக்கொண்டிருக்கும் அம்மாவின் கை பாதியில் நின்றுவிடும். வண்டி எங்கள் லயத்தைத் தாண்டிப் போனபின்தான் அந்தக் குச்சி முறியும்.

என்னோடு அந்த மலைகளில் வளர்ந்து, இப்போது என்னைப் போலவே மூட்டு வலியோடு மழைக்காலத்தை எதிர்கொள்ளும் உங்களுக்கு நான் அதிகம் விளக்கவேண்டியதில்லை. நனைந்த கம்பளியின் வாடையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆட்டு மயிரும் அடுப்புப் புகையும் தேயிலைச் சாறும் கலந்த வாடை அது. ஆனி, ஆடி மாதங்களில் நம் வீடுகள் எல்லாம் அந்த வாடையில்தான் தூங்கின.

எங்கள் தோட்டம் லிந்துலையிலிருந்து அக்கரப்பத்தனை போகும் பாதையில் பிரிந்து ஏறுவது. எங்கள் தோட்டம் என்று சொல்லிப் பழகிவிட்டது. அங்கே எங்களுக்கென்று இருந்தது வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்தில் காம்பரா என்ற ஒற்றை அறையும் அதன் முன்னால் இஸ்தோப்பு என்ற சிறு திண்ணையும்தான். மேல்மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் லயத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதை ஓரிடத்தில் சட்டென்று இடப்பக்கம் திரும்பும். திரும்பாமல் நேரே காலை வைத்தால் பள்ளம். பனிமூட்டம் இறங்கிவிட்டால் முன்னால் போகிறவளின் கூடைகூடக் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மழைக்காலம் முழுவதும், பெண்கள் மலையில் இருக்கும்வரை, அந்த விளிம்பில் ஒரு நெருப்பு எரியும். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளை, மிலாறு என்போமே, தகரத்துக்கு அடியில் உலர்த்தி வைத்து எரிப்பார்கள். மற்ற இடங்களில் நெருப்பைக் கண்டால் மனிதர்கள் அதை நோக்கிப் போவார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த நெருப்பைக் கண்டால் விலகவேண்டும். இங்கே வராதே, திரும்பு என்பதுதான் அதன் பொருள். அந்தத் திருப்பத்துக்கே நெருப்பு முடுக்கு என்று பெயர்.

கவ்வாத்துக் கத்தி முழங்காலில் பாய்ந்து ஒரு கால் இழுத்துப்போனபின் அப்பாவுக்கு அந்த நெருப்பைக் காக்கும் இலேசு வேலையைக் கொடுத்திருந்தார்கள். ஆண்பிள்ளைக்கு அது கௌரவமான வேலை இல்லை. மலை ஏறும் பெண்கள் அதைச் சொல்லிக் காட்டாமல் போனதில்லை.

"என்னா மாமா, நெருப்புக்கு நீங்க காவலா, ஒங்களுக்கு நெருப்பு காவலா?" என்பாள் அடுத்த காம்பராவில் இருந்த அக்கா. வாய்த்துடுக்கு மிகுந்தவள்.

"ஒன் நாக்குக்குத்தான் காவல் இல்ல. பாத்து ஏறு, வழுக்குது."

"அந்தக் கம்பளியவாச்சும் எனக்குக் குடுங்க. நெருப்பு பக்கத்துலயே குந்திக்கிட்டு இருக்கீங்க, ஒங்களுக்கு என்னாத்துக்கு?"

"குடுத்துருவேன். அதுல பூ வச்சவ சும்மா விடுவாளா?"

தோட்டத்தில் கொடுக்கும் கம்பளிகள் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே முரடு. காயப்போட்ட இடத்தில் மாறிப்போகாமலிருக்க, அப்பாவின் கம்பளி மூலையில் அம்மா சிவப்பு நூலால் ஒரு பூ தைத்திருந்தாள். பூ என்று அவள் சொன்னாள். பார்ப்பதற்கு அது ஒரு சிறிய காயம்போல இருக்கும்.

நம் ஆட்களைப் பங்கிட்டுக்கொள்ள இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முந்தைய ஆண்டின் மழை அது. வழக்கமாகக் காற்றும் மழையும் மாறி மாறி வரும். அந்த முறை இரண்டும் சேர்ந்து வந்தன. மண் சரிந்து கீழ்ப்பாதை மூடிப்போனது. அரிசி லாரி வரவில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பரவியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் போத்தல்கள் வெறுமையாக நின்றன. தம்பி தகிக்கும் உடம்போடு தொட்டிலில் கிடந்தான். காகங்கள்கூட இஸ்தோப்புக்குள் வந்து ஒதுங்கின. காலைப் பெரட்டில் பெயர் கொடுக்கப் போய் வந்த ஆண்கள் ஒரு செய்தி சொன்னார்கள். விமானப்படையின் சிறிய விமானம் ஒன்று மருந்தும் போர்வையும் கொண்டு வரப்போகிறதாம். மலைத்தோளுக்கு அப்பால் இருக்கும் துரைமாரின் கிளப் மைதானத்தில் இறங்கப்போகிறதாம்.

மைதானத்தின் நான்கு மூலைகளிலும் நெருப்பு மூட்டும்படி துரை, வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொல்லியிருந்தார். அப்பா விடியற்காலையிலேயே முடுக்குக்குப் போய்விட்டார். அவரிடம் அதை யாரும் சொல்லவில்லை.

மதியத்துக்கு மேல் நான் அப்பாவுக்குச் சாயத்தண்ணி கொண்டுபோனேன். பனி அவ்வளவு அடர்ந்திருந்தது, தேநீரின் ஆவி எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நெருப்பு மட்டும் மங்கலான செம்மையாய்த் தெரிந்தது. அப்பா டின்னை வாங்கி இரு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தேயிலை அரைக்கும் ஸ்டோரின் பெரிய இயந்திரம் கழன்று வானத்தில் உருண்டு போவதுபோல இருந்தது. எங்களைக் கடந்து தொலைவில் தேய்ந்தது. மறுபடி வந்தது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

"பிளேனுங்களாப்பா?"

"ஆமா ஆத்தா. பாவம், வழி தேடுறான்."

மேலே மலையில் பெண்கள் கூச்சலிட்டார்கள். சத்தத்துக்குப் பயந்து கூடைகளோடு ஓடி இறங்குகிறார்கள் என்பது கேட்டது. கற்கள் உருண்டன. அப்பா டின்னைக் கீழே வைத்தார். கையில் அள்ள முடிந்த மிலாற்றை எல்லாம் அள்ளி நெருப்பில் போட்டார். தகரத்துக்கு அடியிலிருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலைச் சாய்த்தார். தீ ஆள் உயரத்துக்கு எழுந்தது.

"முடுக்கு! திரும்புங்க! ஓடாதீங்க!" என்று கத்தினார்.

அந்தத் தீ எழுந்த சற்று நேரத்தில் சத்தம் எங்கள் தலைக்கு நேர்மேலே வந்தது. நான் குந்தி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். காற்று என் முதுகை அழுத்தியது. பிறகு பள்ளத்துக்கு அப்பாலிருந்த சரிவில் ஏதோ நீளமாகக் கிழிந்தது. பெரிய துணியைக் கிழிப்பதுபோல. அதன் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நெருப்பைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பின்னாளில் பல முறை நினைத்திருக்கிறேன். அந்த நேரத்திலேயே அவர் தமக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார் என்று இன்று தோன்றுகிறது.

இழுத்த காலோடு அவர்தான் முதலில் சரிவில் இறங்கினார். கவ்வாத்து ஆட்கள் பின்னால் ஓடினார்கள். இறக்கை ஒடிந்து, தேயிலைச் செடிகளுக்குள் மூக்கைப் புதைத்து விமானம் கிடந்ததாம். அதை ஓட்டியவர் இருக்கையிலேயே இறந்திருந்தார். உடன் வந்த மற்றவர் இளைஞர், உயிரோடு இருந்தார், "வத்துற, வத்துற" என்று சிங்களத்தில் தண்ணீர் கேட்டார். அப்பா உள்ளங்கையில் மழையைப் பிடித்து அவர் வாயில் விட்டார். பிறகு தம் கம்பளியைக் கழற்றி அவரைச் சுற்றினார். கொழுந்துச் சாக்குகளைக் கழிகளில் கட்டி, மண் சரிந்த கீழ்ப்பாதை வழியாகவே அவரைச் சுமந்துபோனார்கள்.

அப்பா அவர்களோடு போகவில்லை. மலையில் இன்னும் பெண்கள் இருந்தார்கள். மேலேறி வந்து, மறுபடி நெருப்பருகில் நின்றார். அம்மா உட்படப் பெண்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அந்தத் தீயைப் பார்த்துத் திரும்பி, பத்திரமாக இறங்கினார்கள். கடைசிப் பெண் இறங்கும்போது கண்டாக்கையா மூச்சிரைக்க வந்தார். அவருடைய குடை பின்புறமாக மடிந்திருந்தது.

"யார்டா இங்க நெருப்பு போட்டது?"

"நாந்தாங்கையா. எப்பவும் போடுறதுதானுங்க."

"மைதானத்துல ஒரு குச்சி பத்தல. எல்லாம் நனைஞ்சு கெடக்கு. இந்த மலையிலயே எரிஞ்சது இது ஒண்ணுதான்." அவர் குரல் தாழ்ந்தது. "அவன் இதப் பாத்துத்தான் எறங்கியிருப்பான். இதான் மைதானம்னு நெனச்சிருப்பான்."

கண்டாக்கையா மண்வெட்டியைக் காலால் அப்பாவின் பக்கம் தள்ளினார்.

"அள்ளிப் பள்ளத்துல தள்ளு. சாம்பல்கூட இருக்கக் கூடாது. யாரு கேட்டாலும் இங்க நெருப்பே இல்ல. வெளங்குதா? பிரஜாவுரிமை இல்லாத ஆளு நீ. கப்பல்ல ஏத்தி அனுப்பிருவாங்க."

அப்பா மண்வெட்டியால் நெருப்பை விளிம்புக்குத் தள்ளினார். கங்குகள் பனிக்குள் விழுந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. என் சாயத்தண்ணி டின்னும் அதோடு போய்விட்டது.

மறுநாள் பெரட்டுக் களத்தில் கண்டாக்கையா எல்லோருக்கும் அதையே சொன்னார். முதலில் வாய் திறந்தவள் அடுத்த காம்பரா அக்காதான். "நெருப்பாங்கையா? இந்த மழையில ஏதுங்க நெருப்பு? நாங்க தடவிக்கிட்டுல்ல எறங்குனோம்" என்றாள், சிரிக்காமல். மற்றவர்கள் தலையசைத்தார்கள். ஒரு லயமே எங்கள் அப்பாவுக்காகப் பொய் சொல்லத் தயாராக நின்றது. அன்று எனக்கு அது பெருமையாக இருந்தது. அன்றிலிருந்து யாரும் அவரைக் கேலி செய்வதில்லை என்பதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

விமானத்தில் வந்த போர்வைகள் லயங்களுக்குப் பங்கிடப்பட்டன. சாம்பல் நிறம், நல்ல கனம். எங்கள் பங்கை அம்மா மடித்துத் தகரப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். தம்பி காய்ச்சலில் நடுங்கியபோதும் அதை எடுக்கவில்லை. தன் சேலையை நான்காக மடித்து அவனைப் போர்த்தினாள்.

அவளுக்கு இருந்த பயமெல்லாம் அந்தக் கம்பளியைப் பற்றியது. சிவப்புப் பூவோடு அது எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. யாராவது அதை எடுத்துக்கொண்டு, இது யாருடையது என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். கம்பளியிலிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து நெருப்புக்கும் வந்துவிடுவார்கள்.

"சும்மா கெடந்த துணியில பூவு எதுக்குடி வச்சேன்" என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஜீப் ஒருநாள் வந்தது. சீருடை அணிந்த அதிகாரி ஒருவர் இறங்கிக் கண்டாக்கையாவோடு எங்கள் இஸ்தோப்புக்கே வந்தார். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அதிகாரி ஆங்கிலத்தில் நிதானமாக, நீளமாகப் பேசினார். கண்டாக்கையா அதைச் சுருக்கிச் சொன்னார்.

"நீதான் அந்தப் பையனத் தூக்குனியான்னு கேக்குறாரு."

"ஆமாங்க."

"வேற ஏதாச்சும் பாத்தியான்னு கேக்குறாரு."

"இல்லீங்க. பனிங்க. ஒண்ணும் பாக்கலீங்க."

அதிகாரி அப்பாவை நேரே பார்த்தார். பிறகு தம் தொப்பியைக் கழற்றி, நெஞ்சருகே வைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தினார். ஜீப் போய்விட்டது.

"தொப்பிய என்னாத்துக்குக் கழட்டுனாரு?" என்று அம்மா கேட்டாள். "எந்த தொரை நம்ம முன்னுக்கு தொப்பி கழட்டுனான்? எழவு வீட்டுலதான் அப்புடி நிப்பாங்க. என்னமோ முடிவு பண்ணிட்டாங்கங்க."

நம் வாழ்க்கையில் யாரும் நமக்காகத் தொப்பியைக் கழற்றியதில்லை. அதனால் அதற்கு என்ன பொருள் என்று எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.

முடுக்கில் நெருப்பு மூட்டக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. ஆனால் பனி நிற்கவில்லை, பெண்களும் இறங்காமலிருக்க முடியாது. அப்பா வழக்கம்போலவே போனார். நெருப்பு இருந்த விளிம்பில் தாமே நின்றுகொண்டார். பெண்கள் இறங்கும் நேரமெல்லாம், "முடுக்கு... முடுக்கு... இப்புடி வாங்க... முடுக்கு..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கீழ்ப்பாதையில் எனக்கு அந்தக் குரல் கேட்கும். ஆள் தெரியாது. பனி பேசுவதுபோல இருக்கும். அவர் தோளில் கம்பளி இல்லை, சாக்கு ஒன்றுதான்.

"வேற கம்பளி கேட்டு வாங்குங்களேங்க. நெஞ்சுல சளி கட்டுது."

"பழச எங்கன்னு கேப்பாங்கள்ல."

"தொலைஞ்சு போச்சின்னு சொல்லுங்க."

"எங்க தொலைஞ்சிச்சுன்னு கேப்பாங்க."

அடுத்தடுத்த மழைக்காலங்களில் அந்தக் குரல் கரகரத்தது. பிறகு உடைந்தது. பிறகு ஒரு தகரத் தட்டைக் கல்லால் தட்டி வழி காட்டினார். வீட்டில் எங்களோடு பேசுவதற்கு அவரிடம் மூச்சுக் காற்று மட்டுமே மிஞ்சியிருந்தது.

ஒப்பந்தம் வந்தபோது எங்கள் லயத்தில் எல்லோரும் தயங்கினார்கள். எதற்கு விண்ணப்பிப்பது, இங்கே இருக்கவா, அங்கே போகவா என்று இஸ்தோப்புகளில் ஓயாத வாக்குவாதம். அப்பா மட்டும் தயங்கவில்லை.

"போயிருவோம். எங்கப்பா ஊருல பனி இல்ல. மலை இல்ல. பிளேன் எறங்குறதுக்கு எடம் நெறைய கெடக்கு" என்றார். அது வேடிக்கைப் பேச்சாக இருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் முறை வருவதற்குள் நான் படித்துத் தோட்டப் பள்ளியில் ஆசிரியையாகி, குடியுரிமை பெற்ற ஒருவரை மணந்துகொண்டேன். அதனால் நான் தங்கினேன். தலவாக்கலை ஸ்டேஷனில் ரயில் புறப்படும்போது மற்ற ஜன்னல்களிலெல்லாம் ஒப்பாரி. அப்பா என் கையைப் பிடித்து, காதுக்கருகே வந்து, அந்த மூச்சுக் குரலில் சொன்னார்:

"அந்தக் கம்பளி எப்பவாச்சும் வந்திச்சின்னா, வாங்கி நெருப்புல போட்டுரு ஆத்தா."

கம்பளி வரவில்லை. நீண்ட காலம் கழித்து, என் தலையும் நரைக்கத் தொடங்கியபின், அதைப் போர்த்தியவர் வந்தார். ஒரு வேனில், தம் மகளோடு. கைத்தடி ஊன்றி நடந்தார். தோட்டத்தில் பழைய ஆட்கள் யாருமில்லாததால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். கால் இழுத்து நடக்கும் ஒருவர் தமக்கு மழைத் தண்ணீர் கொடுத்ததாகவும், அவரைப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். சிங்களத்தில்தான் பேசினோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் என் அப்பா என்றேன். இந்தியா போய், அங்கேயே இறந்து, ஆண்டுகள் ஆகிவிட்டன என்றேன். அவர் வகுப்பறையில் பிள்ளைகளின் வாங்கில் அமர்ந்தார். கேட்டுவிட்டேன்.

"மேலேயிருந்து எங்கள் நெருப்பு தெரிந்ததா?"

"நெருப்பா? எந்த நெருப்பு, டீச்சர்?"

சொன்னேன். முடுக்கு, மிலாறு, மண்ணெண்ணெய், எல்லாவற்றையும். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"மேகத்துக்குள் போனபின் எங்கள் இறக்கையின் நுனிகூட எங்களுக்குத் தெரியவில்லை. மைதானம் கீழே இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் இறங்கினோம். காற்று ஒரே அழுத்தாய் அழுத்தியது. நான் முதலில் பார்த்தது தேயிலைச் செடியை. நெருப்பு ஒன்று தெரிந்திருந்தால், தரை இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்திருக்கும். மேலே தூக்கியிருப்போம். ஓட்டியவரும் உயிரோடு இருந்திருப்பார்."

மழையும் காற்றும்தான் காரணம் என்று விசாரணையும் சொல்லிவிட்டதாம். "எங்கள் அதிகாரி உங்கள் அப்பாவுக்கு நன்றி சொல்ல வந்தாரே, அப்போதே சொல்லியிருப்பாரே" என்றார்.

தொப்பியைக் கழற்றினார் என்றேன்.

கம்பளியைத் திருப்பித் தர முடியாததற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். ஆஸ்பத்திரியில் அதைக் கத்தரியால் வெட்டித்தான் அவர் உடம்பிலிருந்து எடுத்தார்களாம். துண்டுகளை அன்றே குப்பையில் போட்டுவிட்டார்களாம். "மூலையில் ஒரு சிவப்புப் பூ இருந்தது. வலி தெரியாமலிருக்க, வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்" என்றார்.

அவர் போனபின் கண்டாக்கையாவின் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மைதானத்தில் நான்கு நெருப்பும் பற்றாமல், மடிந்த குடையோடு ஓடிவந்த ஒரு மனிதர் அவர். தம் பயத்தை எங்காவது இறக்கிவைக்கவேண்டியிருந்தது. எதிரில் அப்பா நின்றார். லயம் முழுவதும் கூடி எங்களைக் காப்பாற்றியது. காப்பாற்றாமல் ஒரே ஒருவராவது உண்மையைச் சொல்லியிருந்தால், நெருப்பு காரணமில்லை என்று அந்த அதிகாரி தலையசைத்து மறுத்திருப்பார், அப்பா மறுபடி நெருப்பு மூட்டியிருப்பார்.

கோத்தகிரியில் இருக்கும் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் அங்கேயும் தேயிலையில்தான் வேலை செய்கிறான். அப்பா தேடிப்போன சமவெளி அவர்களுக்கு வாய்க்கவில்லை, கொண்டுபோய் விட்ட இடமும் பனி மலைதான். "அப்பாகிட்ட யாருக்கா சொல்றது?" என்று கேட்டான்.

அம்மாவும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். கண்டாக்கையா இல்லை. வாய்த்துடுக்கான அக்கா, அவர் வருவதற்கு முந்தைய மழையில் காலமானாள். முடுக்கில் இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத் தெரியாது. அந்தச் சாம்பல் நிறப் போர்வை, ஒருமுறைகூட விரிக்கப்படாமல், என் பெட்டியில் இருக்கிறது. அந்த நெருப்பைக் கண்ணால் பார்த்தவர்களில் இந்த மலையில் மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான்.